உங்களுக்குத் தெரியுமா? புள்ளி ஓவியத்தின் கணக்கு

ஒளிப்படத்தைக் கணினி புள்ளி ஓவியமாக்க, இருண்ட இடங்களில் புள்ளிகளை அதிகம் தூவினாலே போதும் என்று தோன்றும். போதாது. தற்செயலாக விழும் புள்ளிகள் ஓரிடத்தில் மொய்க்கும், பக்கத்திலேயே வெற்றிடம் விடும். முகத்தில் இல்லாத தழும்புகள் கண்ணுக்குத் தெரியும். 2002இல் கணினி வரைகலை ஆய்வாளர் ஏட்ரியன் செகார்ட் வெளியிட்ட முறை, ஒவ்வொரு புள்ளிக்கும் அதையே மிக அருகில் கொண்ட பரப்பை ஒதுக்குகிறது. கருமையை எடையாகக் கொண்டு அப்பரப்பின் மையத்தைக் கணித்து, புள்ளியை அங்கே நகர்த்துகிறது. அசைவு அடங்கும்வரை இதையே திரும்பச் செய்கிறது. இடைவெளி சீராகிறது, நிழல் மென்மையாக இறங்குகிறது.

அப்படியானால் ஓவியரின் கை எதற்கு? இந்தக் கணக்கு அறிவது கருமையை மட்டுமே. மூக்கும் அதன் நிழலும் அதற்கு ஒன்றே. 1979 முதல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழில் வரும் புள்ளி முகங்களிலோ, ஓவியர்கள் முகத்தின் வளைவையொட்டிப் புள்ளிகளை வரிசையாக வைக்கிறார்கள்.