பிரிஞ்சாங்கில் இல்லாத வீடு

மூன்று அறை, வெந்நீர், பார்பிக்யூ அடுப்பு, ஜன்னலைத் திறந்தால் தேயிலைத் தோட்டம். பள்ளி விடுமுறையிலும் ஓர் இரவுக்கு 180 வெள்ளிதான். முகநூலில் இப்படியொரு விளம்பரம் கண்ணில் பட்டால் கேமரன் மலையின் பிரிஞ்சாங்காரர் சிரித்துவிடுவார். இங்குள்ள அடுக்குமாடி வீடுகளில் ஜன்னலைத் திறந்தால் பெரும்பாலும் தெரிவது எதிர் புளோக்கின் துணிக்கொடி. அதுவும் இல்லாவிட்டால் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டம். தேயிலையைக் கண்ணாரப் பார்க்க சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குக் காரில் ஏறிப் போக வேண்டும். ஆனால் அந்த விளம்பரம் பிரிஞ்சாங்காரருக்காகப் போட்டதல்ல. கிள்ளானிலும் சிரம்பானிலும் சுங்கை பட்டாணியிலும் இருந்துகொண்டு, வருடத்துக்கு ஒருமுறையாவது பிள்ளைகளைக் குளிரான இடத்துக்குக் கூட்டிப்போக நினைக்கும் குடும்பங்களுக்காகப் போட்டது.

அவர்கள் முன்பணம் கட்டுகிறார்கள். தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ, வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கும் பிள்ளைகளோடு மலை ஏறி வருகிறார்கள். வேஸ் செயலி காட்டிய இடத்தில் கட்டடம் இருக்கிறது. வாசலில் காவலாளியும் இருக்கிறார். “ஆண்டி, இந்த நம்பர்ல வீடே கிடையாது. போன வாரமும் ஒரு குடும்பம் இப்படித்தான் வந்து நின்னுச்சு” என்கிறார். வீட்டுக்காரரின் கைப்பேசி அதற்குள் அணைந்திருக்கும். ஒவ்வொரு நீண்ட விடுமுறையை ஒட்டியும் இந்தச் செய்தி மலேசிய நாளிதழ்களில் ஊர்ப் பெயர் மட்டும் மாறி வருகிறது: கேமரன் மலை, போர்ட் டிக்சன், மலாக்கா, லங்காவி.

இந்த ஏமாற்று எப்படிக் கட்டப்படுகிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். புதிதாக ஒரு பக்கம் தொடங்கினால் சந்தேகம் வரும். அதனால் பல வருடம் ஓடிய பழைய பக்கம் ஒன்று கைமாறுகிறது, அல்லது திருடப்படுகிறது. நேற்றுவரை கேக் விற்ற பக்கம் இன்று ‘கேமரன் ஹோம்ஸ்டே’. பின்தொடர்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அவர்கள் கேக்குக்காக வந்தவர்கள் என்பது யாருக்குத் தெரியும்? படங்கள் நிஜமான ஒரு தங்கும் விடுதியின் பக்கத்திலிருந்து எடுத்தவை. கீழே “போன மாசம் போனோம், சூப்பர்” என்று நாலு பேர் எழுதியிருப்பார்கள். நாலும் ஒரே ஆளாக இருக்கலாம். பேச்சு உடனே வாட்ஸ்அப்புக்கு மாறும். அங்கே லோகோ உண்டு, ரசீது உண்டு, வணக்கம் சொல்லும் தானியங்கிச் செய்தியும் உண்டு. பணம் போக வேண்டிய கணக்கு மட்டும் ஏதோ ஒரு தனிமனிதர் பெயரில் இருக்கும். மலேசியப் போலீஸ் ‘கெல்டாய்’ கணக்கு என்று சொல்வது இதைத்தான். சில நூறு வெள்ளிக்குத் தன் ஏடிஎம் அட்டையை வாடகைக்கு விட்ட யாரோ ஒருவருடைய கணக்கு அது.

முகநூல் பக்கத்தில் ‘பக்க வெளிப்படைத்தன்மை’ என்று ஒரு பகுதி இருக்கிறது. பக்கம் எப்போது தொடங்கியது, இதுவரை என்னென்ன பெயரில் இருந்தது, நடத்துபவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் தெரியும். கேக் கடை அங்கே அகப்பட்டுவிடும். ஆனால் அந்தப் பகுதி இரண்டு மூன்று தட்டுக்கு உள்ளே கிடக்கிறது. பணம் கேட்கும் விளம்பரமோ திரையைத் திறந்ததுமே வந்து நிற்கிறது. இந்த வரிசையை யாரோ யோசித்துத்தான் அமைத்திருக்கிறார்கள்.

சமூக வலைத்தளப் பாதுகாப்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கடவுச்சொல்லும் வைரஸும்தான். பிரிஞ்சாங் வாசலில் நிற்கும் அந்தக் குடும்பத்தின் கடவுச்சொல்லை யாரும் திருடவில்லை. தளம் என்ன செய்யச் சொல்லி வடிவமைக்கப்பட்டதோ அதைத்தான் செய்தது: காசு கொடுத்தவரின் விளம்பரத்தை, விடுமுறைக்கு இடம் தேடிய குடும்பத்தின் முன்னால் கொண்டுபோய் வைத்தது. 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ், முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் உள் ஆவணங்களை வைத்து ஒரு செய்தி வெளியிட்டது. 2024 வருமானத்தில் சுமார் 10 விழுக்காடு, அதாவது 1,600 கோடி டாலர், மோசடி விளம்பரங்களிலிருந்தும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் விளம்பரங்களிலிருந்தும் வரக்கூடும் என்று நிறுவனமே உள்ளுக்குள் கணித்திருந்ததாம். அது தோராயமான, மிகையான கணக்கு என்று மெட்டா மறுத்தது. மிகை என்றே வைத்துக்கொண்டு பாதியாகக் குறைத்தாலும் 800 கோடி டாலர் வருகிறது.

இந்தத் தளங்கள் வளர்ந்த வேகத்தில் பயனர்களின் பாதுகாப்பு பின்தங்கியது புதிதல்ல. 2002இல் தொடங்கிய ஃபிரெண்ட்ஸ்டர்தான் மலேசிய இளைஞர்கள் பலருக்கு இணையத்தில் முதல் திண்ணை. 2009இல் அதை வாங்கியதே ஒரு மலேசிய நிறுவனம்: கணேஷ் குமார் பங்கா தலைமையில் இருந்த எம்ஓஎல் குளோபல். அதற்குள் கூட்டம் முகநூலுக்குப் போய்விட்டிருந்தது. 2011இல் பயனர்களின் பழைய படங்களையும் செய்திகளையும் அழித்துவிட்டு ஃபிரெண்ட்ஸ்டர் விளையாட்டுத் தளமாக மாறியது. 2015இல் சேவையை நிறுத்தியது. மைஸ்பேஸில் 2005 அக்டோபரில் சாமி காம்கார் என்ற இளைஞர் எழுதிய ஒரு சின்ன நிரல், ஒரு நாள் முடிவதற்குள் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களை அவருடைய ‘நண்பர்’ ஆக்கியது. 2008இல் வந்த கூப்ஃபேஸ், நண்பர் பெயரில் ஒரு வீடியோ இணைப்பை அனுப்பி, பார்க்க வேண்டுமானால் இந்த மென்பொருளை இறக்கு என்றது. இன்று வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வரும் ‘ஏபிகே’ கோப்பும் அதே வித்தைதான். தட்டியதும் அது கைப்பேசிக்குள் உட்கார்ந்துகொண்டு பேங்க் அனுப்பும் குறுஞ்செய்திகளைப் படிக்கும். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் யார் திறக்காமல் இருப்பார்கள்? செயலி செய்கிறவர்களைவிட நம் வீட்டு வழக்கம் மோசடிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 செப்டம்பரிலேயே குறுஞ்செய்தி வழிக் கடவு எண்ணைக் கைவிடும்படி பேங்குகளிடம் சொன்னதற்கு இதுபோன்ற திருட்டும் ஒரு காரணம்.

மோசடிக்காரன் நம் முழுப்பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறான். எங்கிருந்து கிடைத்தது? 2017இல் மலேசியக் கைப்பேசி நிறுவனங்களின் 4 கோடியே 62 லட்சம் எண்கள், பெயர், முகவரி, அடையாள அட்டை எண் ஆகியவற்றோடு வெளியே கசிந்தன. அப்போது நாட்டின் மக்கள்தொகையே மூன்று கோடிச் சொச்சம்தான். 2021 ஏப்ரலில் 53 கோடி முகநூல் பயனர்களின் விவரம் இணையத்தில் இலவசமாகவே கிடைத்தது. கைப்பேசியில் உள்ள எண்களைக் கொண்டு நண்பர்களைத் தேடித்தரும் வசதியைத் தலைகீழாகப் பயன்படுத்தி, எந்த எண் யாருடையது என்று கூட்டிப் பெருக்கி எடுத்திருந்தார்கள். அதில் மலேசியர் மட்டும் ஒரு கோடிக்கு மேல். இதற்காக அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் மெட்டாவுக்கு 26.5 கோடி யூரோ அபராதம் போட்டது. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்: உங்கள் பெயர், எண், அடையாள அட்டை, பழைய முகவரி.

தோட்டத்து வீடுகளில் பெரியவர்களை அதிகம் மாட்டவைப்பது வாட்ஸ்அப் கடத்தல். மூத்த அக்காவின் எண்ணிலிருந்து செய்தி வரும்: “தம்பி, தெரியாம உன் நம்பருக்கு ஆறு இலக்க எண் ஒண்ணு அனுப்பிட்டேன், அதை அனுப்பு.” அக்கா கேட்கிறார், தம்பி அனுப்பிவிடுகிறார். அது தம்பியின் சொந்த வாட்ஸ்அப்பைத் திறக்கும் சாவி; அக்காவின் எண் முந்தைய நாளே போய்விட்டிருக்கிறது. சில நிமிடங்களில் குடும்பக் குழுவுக்கும் கோயில் குழுவுக்கும் தம்பியின் பெயரில் செய்தி பறக்கும்: ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், 500 வெள்ளி வேண்டும், நாளைக்குத் தந்துவிடுகிறேன். இதில் மாட்டியவரைப் படிக்காதவர் என்று சொல்வது அநியாயம். அக்காவை நம்பியது எப்படிக் குற்றமாகும்? வாட்ஸ்அப் அமைப்பில் ‘இருபடிச் சரிபார்ப்பு’ என்று ஓர் இடம் உண்டு. அங்கே ஒரு ரகசிய எண் வைத்துவிட்டால் அந்த ஆறு இலக்கத்தால் மட்டும் கணக்கைத் தூக்கிப்போக முடியாது. தோட்டத்துப் பிள்ளைகள் யாராவது பாட்டியின் கைப்பேசியை வாங்கி அதைச் செய்துகொடுத்தால் நல்லது.

பணம் போனால் பணம்தான். டிக்டாக் நேரலைகளில் தமிழிலேயே நடக்கும் வசவு வேறு வகை. டிக்டாக்கில் ஈஷா என்று அறியப்பட்ட ராஜேஸ்வரி அப்பாவு, தன்னை மிரட்டியவர்கள்மேல் 2024 ஜூலை 4ஆம் தேதி போலீசில் புகார் கொடுத்தார். மறுநாள் உயிரோடு இல்லை. அந்த வழக்கில் ஒரு பெண்ணுக்கு விதிக்கப்பட்ட அபராதம் 100 வெள்ளி. 1955ஆம் ஆண்டின் சிறு குற்றச் சட்டத்தில் அதுதான் உச்சவரம்பு! மலேசிய இந்தியர்களிடையே எழுந்த கொதிப்பு அடங்கவில்லை. தண்டனைச் சட்டத்தில் இணையம் உட்பட எங்கும் நடக்கும் பகடிவதைக்கென்று 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் சேர்ந்து 2025 ஜூலையில் நடப்புக்கு வந்தன. சட்டம் வந்துவிட்டது, சரி. ஆனால் கேமரன் மலைத் தமிழும் கிள்ளான் தமிழும் கலந்து கொச்சையில் போகிற நேரலையில், எது கேலி எது மிரட்டல் என்று புரிந்துகொள்ளும் ஆள் எத்தனை பேர் அந்தத் தளங்களில் இருக்கிறார்கள்? 2018இல் இலங்கை திகனயில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை வெடித்தபோதும், சிங்களம் படிக்கத் தெரிந்தவர்கள் முகநூலில் போதவில்லை என்பதே குற்றச்சாட்டாக இருந்தது. முகநூல் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்.

மலேசிய அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. பணம் போனதும் அழைக்க 997 என்ற எண் 2022 அக்டோபரில் வந்தது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு நல்லது. பணம் நாலைந்து கெல்டாய் கணக்கு தாண்டிவிட்டால் பிடிப்பது கடினம். கணக்கு எண்ணைத் தட்டி முன்புகார் உண்டா என்று பார்க்கப் போலீசின் ‘செமாக் மியூல்’ தளம் இருக்கிறது. நேற்று வாடகைக்கு எடுத்த புதுக் கணக்காக இருந்தால் அது ‘புகார் இல்லை’ என்றே சொல்லும்; அதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2025 ஜனவரி முதல், நாட்டில் 80 லட்சம் பயனருக்கு மேல் உள்ள தளங்கள் உரிமம் பெற வேண்டும் என்றது மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம். டிக்டாக்கும் வீசாட்டும் கெடுவுக்குள் பெற்றன. மெட்டா கெடுவுக்குள் பெறவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசு, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. ஊருக்கெல்லாம் பூட்டுப் போடச் சொல்லும் வீட்டுக்கே கதவு இல்லை.

பிரிஞ்சாங்கில் இதன் கணக்கு இன்னொரு பக்கமும் ஏறுகிறது. பாட்டி கொழுந்து எடுத்தார், அப்பா ஆலையில் வேலை பார்த்தார், பேரன் லேண்ட்ரோவர் ஓட்டுகிறான்: மலை உச்சிப் பாசிக் காட்டுக்கும் தேயிலைச் சரிவுக்கும் சுற்றுப்பயணிகளை ஏற்றிப் போகும் தமிழ் இளைஞர்கள் பலருடைய வரலாறு இதுதான். கடை வாடகை இல்லாமல், தரகர் இல்லாமல், ஒரு கைப்பேசியை வைத்து அவர்கள் தொழில் தொடங்க முடிந்தது முகநூலாலும் வாட்ஸ்அப்பாலும்தான். இந்தத் தளங்களைத் திட்டும்போது அதை மறந்துவிடக் கூடாது. இப்போது அவர்கள் எடுத்த படங்கள்தான் போலிப் பக்கங்களில் ஓடுகின்றன. ஒருமுறை ஏமாந்த வெளியூர்க்காரர்கள் அடுத்த முறை முன்பணம் கட்டத் தயங்கி, பெரிய முன்பதிவுத் தளங்களுக்குப் போகிறார்கள். அங்கே நூற்றுக்குப் பதினைந்து வெள்ளி அளவில் கழிவு போகிறது. தரகர் இல்லாத தொழிலுக்குத் தரகர் திரும்பி வந்துவிட்டார்.

தைவான் 2024இல் ஒரு சட்டம் போட்டது. இணைய விளம்பரத்தைப் போடுபவர் யார், அதற்குக் காசு கொடுப்பவர் யார் என்று தளம் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் அபராதம் தளத்துக்கு. மலேசியாவில் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்பது என் கருத்து. பயனர்களுக்கு விழிப்புணர்வுப் பதாகை அடிப்பதெல்லாம் அதற்குப் பிறகு இருக்கட்டும்.

பிரிஞ்சாங் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்த ஓட்டுநர் ஒருவர், புதிய வாடிக்கையாளர் யாரானாலும் முதலில் வீடியோவில் அழைத்துத் தன் முகத்தையும் வண்டி எண்ணையும் காட்டிவிட்டுத்தான் முன்பணத்தைப் பற்றிப் பேசுகிறாராம். “ஐசி இருக்கு, லைசென்ஸ் இருக்கு, பெர்மிட் இருக்கு. ரோட்டுல வண்டி எடுக்க எல்லாத்தையும் கேக்கிறாங்க. முகநூல்ல காசு கட்டி விளம்பரம் போட்டப்ப இதுல ஒண்ணுகூட என்கிட்ட கேக்கலையே, அண்ணே!”