ரப்பர் மரத்தின் இலைப்பகை

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் அவர்கள் 1896-ஆம் ஆண்டில் நட்ட மரங்களே, இந்நாட்டில் வாணிப நோக்குடன் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டமாகும். உம்பாய் முதல் ஆசகான் வரை பால்மரம் வெட்டி வாழ்ந்த நம் முன்னோரின் கதை அதன் வழி வந்ததே.

ரப்பரின் பூர்வீகம் பிரேசில். 1876-இல் ஹென்றி விக்காம் அங்கிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டு சென்றார். அங்கு முளைத்த கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. மரம் வந்தது, நல்வினைப் பயனாக, மரத்தின் பகை உடன் வரவில்லை.

அப்பகையே தென் அமெரிக்க இலைக்கருகல் நோய். அதனை உண்டாக்குவது ஒரு பூசணம். கண்ணுக்குப் புலப்படாத அதன் வித்துகள் காற்றிலும் மழையிலும் பரவி இளந்தளிரின்மீது படியும். தளிர் சுருண்டு, கருகி உதிரும். மரம் மீண்டும் துளிர்க்கும்; அதுவும் உதிரும். இவ்வாறு பன்முறை நிகழ்ந்தால் கிளைகள் நுனியிலிருந்து காய்ந்து, மரமே பட்டுப்போகும். காட்டில் ரப்பர் மரங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் நிற்பதால் தப்பிவிடுகின்றன. வரிசையாய் நெருங்கி நிற்கும் தோட்டமோ நோய்க்கு விருந்தாகும்.

மோட்டார் வண்டி முதலாளி ஹென்றி ஃபோர்டு 1928-இல் பிரேசிலில் ஃபோர்ட்லாண்டியா தோட்டத்தைத் தொடங்கினார். 1934-இல் பெல்டெராவில் மற்றொன்றைக் கண்டார். பணத்திற்குக் குறைவில்லை, எனினும் நோய் இரண்டையும் சீர்குலைத்தது. 1945-இல் அவை பிரேசில் அரசிடம் ஒப்படைக்கப்பட்டன.

மெக்சிகோ வரை பரவிய அந்நோய் ஆசியாவில் இன்றளவும் காலூன்றவில்லை. இங்குள்ள மரங்களுள் பெரும்பாலானவை விக்காம் விதைகளின் வழித்தோன்றல்கள். நோயை எதிர்க்கும் ஆற்றல் அவற்றுக்குக் குறைவு. ஆகவேதான் 1956-இல் உருவான தென்கிழக்காசிய, பசிபிக் வட்டாரப் பயிர்ப்பாதுகாப்பு ஒப்பந்தம் அந்நோய்க்கெனவே தனி விதிகளை வகுத்தது.

ஆயினும் கடலும் சட்டமும் எல்லா நோயையும் தடுத்துவிடுவதில்லை. பெஸ்டலோடியோப்சிஸ் என்னும் வேறொரு பூசணத்தால் வரும் இலையுதிர் நோய் 2016-இல் சுமத்திராவிலும், 2017-இல் நம் நாட்டிலும் காணப்பட்டது. பின்னர் தாய்லாந்தும் இலங்கையும் அதற்கு இலக்காயின. இது முற்றிய இலையைத் தாக்குவது. மரத்திற்கு உணவு சமைப்பது இலையே. இலை குறைந்தால் பால் குறையும், பால் குறைந்தால் கூலியும் குறையும்.

ஆண்டுத் தொடக்கத்தில் மரம் மொட்டையாவது இயற்கை. அக்காலமல்லாதபோது, வட்டமான பழுப்புப் புள்ளிகளோடு இலைகள் மஞ்சளித்து உதிரக் கண்டால், தோட்ட நிர்வாகத்திடம் உடனே தெரிவித்தல் வேண்டும். சிறு தோட்டக்காரர் ரிஸ்டா அலுவலகத்தை நாடலாம். அவ்விலைகளை அடுத்த தோட்டத்தாருக்குக் காட்டுவதற்கென்று எடுத்துச் செல்லுதல் ஆகாது. வித்துகள் அவற்றிலேதான் இருக்கும்.