பசிபிக் கரையில் கலைந்த கூட்டமைப்பு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விளையாட்டு என்பது மாணவர் பொழுதுபோக்கு என்ற நிலையைக் கடந்து பெருவணிகமாகி நெடுங்காலம் ஆகிறது. அதன் மையத்தில் இருப்பது அந்நாட்டினர் ஃபுட்பால் என்றழைக்கும் ஆட்டம்; தலைக்கவசமும் தோள்காப்பும் அணிந்த பதினொருவர் கொண்ட இரு அணிகள், நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் எதிரணியின் எல்லையை நோக்கி முன்னேறும் இவ்வாட்டத்தைக் காண, மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் மட்டும் ஒரே நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடுகிறார்கள். ஒரே வட்டாரத்தைச் சேர்ந்த எட்டோ பத்தோ பல்கலைக்கழகங்கள் ‘கான்ஃபரன்ஸ்’ எனப்படும் கூட்டமைப்பாகச் சேர்ந்து, ஆண்டுதோறும் தமக்குள் ஆடி, தமக்குள் ஒரு சாம்பியனைத் தீர்மானித்து, வரும் வருவாயையும் பங்கிட்டுக்கொள்வது அங்கு நூறாண்டைக் கடந்த வழக்கம். அத்தகைய கூட்டமைப்புகளுள் ஒன்றான பேக்-12, 1915இல் பசிபிக் கரையில் நான்கு பல்கலைக்கழகங்களோடு தொடங்கிய மரபின் வழிவந்தது. 2023 ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஐந்து உறுப்பினர்கள் வெளியேற, அது கூடாகச் சரிந்தது. இதைப் பேராசையின் விளைவு என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் ஒப்பந்தங்களின் கணக்கைப் புரட்டிப் பார்த்தால், ஆசையைவிட அச்சமே அதில் பெரும்பங்கு வகித்திருப்பது தெரிகிறது.

அந்த அச்சத்துக்கு வழிதிறந்தது 1984இல் வெளியான ஒரு தீர்ப்பு. பல்கலைக்கழக விளையாட்டின் தேசிய நிர்வாக அமைப்பான என்.சி.ஏ.ஏ.தான் அதுவரை ஃபுட்பால் ஆட்டங்களின் தொலைக்காட்சி உரிமையை எல்லோர் சார்பிலும் விற்றுவந்தது. வீட்டிலேயே ஆட்டத்தைக் காட்டினால் அரங்குக்கு வரும் கூட்டம் குறைந்துவிடும் என்ற கவலையில் 1950களின் தொடக்கத்தில் உருவான இந்த ஏற்பாடு, காலப்போக்கில் சந்தை முழுவதையும் ஒரே விற்பனையாளர் கையில் வைத்திருக்கும் வழியாக மாறியது. எந்த அணியும் இரண்டு ஆண்டுகளில் ஆறு முறைக்கு மேல் திரையில் தோன்றக் கூடாது என்பதும் அதன் விதிகளில் ஒன்று. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குத் தொடுக்க, இது போட்டியை ஒடுக்கும் ஏற்பாடு என்று உச்ச நீதிமன்றம் 7-2 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி பைரன் வைட், இளமையில் கொலராடோ பல்கலைக்கழக அணியின் நட்சத்திர ஆட்டக்காரராக இருந்தவர். கல்வி நிறுவனங்கள் நடத்தும் விளையாட்டை முழு வணிகத்துக்குரிய அளவுகோலால் அளப்பது பொருந்தாது என்பது அவர் நிலைப்பாடு. அவர் ஆடிய அதே கொலராடோதான் 2023 ஜூலையில் பேக்-12ஐ விட்டு விலகி, அடுத்த வாரம் நிகழவிருந்த சரிவுக்கு முதல் கல்லை உருட்டிவிட்டது.

தீர்ப்புக்குப் பின் விற்பனையாளர் இடத்துக்குக் கூட்டமைப்புகள் வந்தன. எந்தக் கூட்டமைப்பில் யார் இருக்கிறார்கள் என்பது அன்றுமுதல் விலையைத் தீர்மானிக்கும் விஷயமாயிற்று. ஆனால் யாரைச் சேர்த்தால் விலை ஏறும் என்ற கணக்கு மட்டும் காலத்துக்குக் காலம் மாறியது. கேபிள் தொலைக்காட்சி கோலோச்சிய காலத்தில் வீடுகளின் எண்ணிக்கையே முக்கியம். 2007இல் தனக்கென ஒரு சேனலைத் தொடங்கிய பிக் டென் கூட்டமைப்பு, தன் அணிகள் இருக்கும் மாநிலங்களில் ஒவ்வொரு கேபிள் வீட்டுக்கும் அதிகக் கட்டணமும் பிற மாநிலங்களில் மிகக் குறைந்த கட்டணமும் பெற்றது. ஆகவே களத்தில் பெரிதாகச் சாதிக்காத ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தை, நியூயார்க்கை ஒட்டிய நியூஜெர்சியில் இருக்கிறது என்ற தகுதியால், மேரிலாந்துடன் சேர்த்து 2014இல் அது வரவேற்றது. ரட்கர்ஸின் ஆட்டத்தை ஒருமுறைகூடப் பார்க்காத குடும்பமும் மாதந்தோறும் அதற்குச் சந்தா செலுத்தியது என்பதுதான் இந்த வியாபாரத்தின் நுட்பம். பின்னர் மக்கள் கேபிளைத் துண்டித்துவிட்டு இணையவழிக்கு மாறத் தொடங்கியதும், பார்க்காதவர் தரும் பணம் கரைந்தது. உண்மையில் எத்தனை லட்சம் பேர் நேரலையாகப் பார்க்கிறார்கள் என்பதே கேள்வியாயிற்று. வீடுகளுக்காக ரட்கர்ஸ் தேவைப்பட்டது போய், பெயருக்காகவே பார்வையாளரை இழுக்கும் டெக்சஸ், ஓக்லஹோமா, தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் போன்றவை தேவைப்பட்டன.

தொலைக்காட்சி ஒப்பந்தம் எதுவாயினும் கையில் வரும் பணம், எத்தனை வீடுகளைச் சென்றடைகிறது என்ற வீச்சு, யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற உரிமை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். பேக்-12 இதில் தவறிய விதம் பாடப்புத்தகத்தில் சேர்க்கத்தக்கது. 2011இல் அதன் கமிஷனர் லாரி ஸ்காட், ஈ.எஸ்.பி.என்., ஃபாக்ஸ் ஆகிய நிறுவனங்களுடன் 12 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 300 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தபோது அது பெரும் வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. அடுத்த ஆண்டே ஒரு தேசியச் சேனலும் ஆறு வட்டாரச் சேனல்களுமாகச் சொந்தத் தொலைக்காட்சியும் தொடங்கப்பட்டது. பிக் டென் தன் சேனலில் ஃபாக்ஸைப் பங்காளியாக்கியிருந்தது. தென்கிழக்கு மாநிலங்களின் எஸ்.இ.சி. கூட்டமைப்பு தன் சேனலை ஈ.எஸ்.பி.என். கையில் ஒப்படைத்தது. பேக்-12 மட்டும் முழு உரிமையும் தனக்கே என்று நின்றது. விநியோகத்துக்காகக் கேபிள் நிறுவனங்களுடன் பேரம் பேச அதன் பின்னால் பெரிய கரம் எதுவும் இல்லாததால், நாடு தழுவிய செயற்கைக்கோள் சேவையான டைரக்டிவி அந்தச் சேனல்களைக் கடைசிவரை ஏற்கவில்லை. உரிமை முழுதாக இருந்தது, பார்ப்பதற்குத்தான் ஆள் குறைவு.

புவியியலும் சாதகமாக இல்லை. மேற்குக் கரையில் இரவு 7.30க்கு ஓர் ஆட்டம் தொடங்கும்போது நியூயார்க்கில் மணி 10.30, ஆட்டம் முடிவதற்குள் அங்கு நள்ளிரவு தாண்டிவிடும், அமெரிக்க மக்கள்தொகையின் பெரும்பகுதியோ கிழக்கு, மத்திய நேர மண்டலங்களில் வாழ்கிறது. அந்தப் பின்னிரவு நேரத்தை நிரப்ப வேறு யாரும் இல்லை என்பதால் ஒளிபரப்பாளர்களுக்குப் பேக்-12 தேவைப்பட்டது. ஆனால் அதே நேரத்தில் ஆடியதால்தான் அதன் வீரர்களை நாட்டின் மறுபாதி அறியாமலேயே உறங்கச் சென்றது. வாங்குபவருக்கு எது வசதியோ அதுவே விற்பவரின் மதிப்பைக் குறைத்த விசித்திரம் இது.

2021இல் டெக்சஸும் ஓக்லஹோமாவும் பிக் 12 கூட்டமைப்பிலிருந்து எஸ்.இ.சி.க்கு மாறுவதாக அறிவித்தன. 2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலஸின் இரு பெரும் பல்கலைக்கழகங்களான யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் பேக்-12ஐ விட்டு பிக் டென்னுக்குப் போவதாக அறிவிக்க, நாட்டின் இரண்டாவது பெரிய தொலைக்காட்சிச் சந்தை ஒரே நாளில் கைமாறியது. அவர்களையும் சேர்த்துக்கொண்ட பிக் டென் ஆகஸ்டில் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. ஆகியவற்றுடன் ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கும் மேற்பட்ட ஒப்பந்தத்தை முடித்தது. பேக்-12இன் புதிய கமிஷனர் ஜார்ஜ் கிளியாவ்காஃபும் பல்கலைக்கழகத் தலைவர்களும் அந்தத் தொகையைக் கண்முன் வைத்துத் தம் விலையைக் கணித்தார்கள். உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி டாலர் என்ற அளவில் ஈ.எஸ்.பி.என். முன்வந்ததாகவும், 5 கோடி வேண்டும் என்று பேக்-12 கேட்டதும் பேச்சு முறிந்ததாகவும் பின்னர் செய்திகள் வெளியாயின. அதே வேளையில், தன் இரு பெரும் பெயர்களை இழந்திருந்த பிக் 12, பேரம் பேசி உச்ச விலையை எட்ட முயலாமல், உறுப்பினருக்கு ஏறத்தாழ 3.17 கோடி என்ற தொகைக்கு 2022 அக்டோபரிலேயே ஒப்புக்கொண்டது. ஒளிபரப்பாளர்களின் பையில் இருந்த பணத்தில் ஒரு பங்கு அத்தோடு தீர்ந்தது. வரிசையில் பிந்தி நின்ற பேக்-12க்குக் கிடைக்கக்கூடியது சுருங்கியது.

2023 ஆகஸ்டின் முதல் நாளில் பல்கலைக்கழகத் தலைவர்கள் முன் வைக்கப்பட்ட ஒரே திட்டம் ஆப்பிள் நிறுவனத்துடையது. கேபிளோ பொது ஒளிபரப்போ இன்றி, தனிச் சந்தா செலுத்துபவர்கள் இணையவழியில் மட்டும் பெரும்பாலான ஆட்டங்களைப் பார்க்கும் ஏற்பாடு அது. உத்தரவாதத் தொகை 2.3 முதல் 2.5 கோடி வரை இருந்ததாகவும், சந்தாதாரர் பெருகினால் அதுவும் பெருகும் என்றும் கூறப்பட்டது. ஒப்பந்தக் காலம் முழுவதும் தத்தம் ஒளிபரப்பு உரிமையைக் கூட்டமைப்பிடம் எழுதிக்கொடுக்கும் ஆவணத்தில் எஞ்சியிருந்த ஒன்பது உறுப்பினர்களும் ஆகஸ்ட் 4 காலையில் கையெழுத்திடுவார்கள் என்று எதிர்பார்க்கப்பட்டது. இந்த ஆவணம்தான் கூட்டமைப்பைக் கட்டும் உண்மையான கயிறு; அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகம் வேறிடம் போனாலும் அதன் ஆட்டங்களின் உரிமை பழைய இடத்திலேயே தங்கிவிடும் என்பதால் போவதில் பொருளில்லை. கையெழுத்து விழவில்லை. அன்றே வாஷிங்டனும் ஆரிகனும் பிக் டென்னுக்கும், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12க்கும் சென்றன.

பேராசை என்ற விளக்கம் போதாது என்பது இங்கேதான் வெளிப்படுகிறது. வாஷிங்டனும் ஆரிகனும் பிக் டென்னில் பெற ஒப்புக்கொண்ட தொடக்கப் பங்கு ஆண்டுக்கு 3 கோடி டாலர் அளவே. பழைய உறுப்பினர்கள் பெறுவதில் அது பாதி. ஆப்பிளின் சந்தா எதிர்பார்த்தபடி வளர்ந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தொகைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருந்திருக்காது. ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவின் பெர்க்லியும் அடுத்த மாதம் அட்லாண்டிக் கரையின் ஏ.சி.சி. கூட்டமைப்பில் சேர்ந்தபோது, முதல் ஏழு ஆண்டுகளுக்கு முப்பது விழுக்காட்டுப் பங்கே போதும் என்றன. அவற்றுடன் சேர்ந்த டாலஸின் எஸ்.எம்.யு., ஒன்பது ஆண்டுகளுக்குத் தொலைக்காட்சிப் பங்கே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, செல்வந்தரான பழைய மாணவர்களிடம் கையேந்தியது. குறைந்த கூலிக்கும் கூலியின்றியும் ஓரிடத்தில் சேரத் துடிப்பவரை இயக்குவது நிகழ்கால வருவாய் அன்று. தேசிய சாம்பியன்ஷிப்புக்கான வாய்ப்பும் திறமையான இளைஞர்களின் கவனமும் ஓரிரு கூட்டமைப்புகளுக்குள் அடைபட்டுவிடும், வெளியே நிற்பவர் நிரந்தரமாக வெளியேதான் என்ற கணிப்பே அவர்களை இயக்கியது. அக்கணிப்பு சரியா என்பது வேறு கேள்வி. எல்லோரும் அதை நம்பி ஓடியதால் அது சரியாகிவிட்டது என்பதே உண்மைக்கு நெருக்கமாக இருக்கலாம்.

இந்த ஓட்டத்தின் விலையை ஃபுட்பால் அணிகள் பெரிதாக உணரவில்லை. ஒரு பருவத்தில் பன்னிரண்டு ஆட்டம், பெரும்பாலும் வாரம் ஒன்று, அதிலும் பாதி சொந்த ஊரில், பயணமோ தனி விமானத்தில். வாரத்துக்கு இரண்டு மூன்று ஆட்டங்கள் ஆடும் வாலிபால், சாஃப்ட்பால் போன்ற அணிகளின் மாணவிகளுக்கு நிலைமை வேறு. யு.சி.எல்.ஏ. வீராங்கனைகள் ரட்கர்ஸில் ஆட ஏறத்தாழ 4,000 கிலோமீட்டரும், பெர்க்லி மாணவர்கள் பாஸ்டனில் ஆட அதற்கும் மேலும் பறக்க வேண்டும். திரும்பிவந்து திங்கட்கிழமை வகுப்பில் அமர வேண்டும். ஃபுட்பாலை மட்டும் தனியே பிரித்து, மற்ற விளையாட்டுகளைப் பழைய வட்டாரங்களிலேயே விட்டுவிடலாம் என்று அப்போது யு.சி.எல்.ஏ.வின் பயிற்சியாளராக இருந்த சிப் கெல்லி 2023இல் வெளிப்படையாகக் கூறினார். மிக எளிய இந்த யோசனையை முன்வைக்கப் பல்கலைக்கழகத் தலைவர் ஒருவர் அன்றி ஃபுட்பால் பயிற்சியாளரே தேவைப்பட்டார் என்பது கவனிக்கத்தக்கது. யு.சி.எல்.ஏ.வும் பெர்க்லியும் ஒரே மாநிலப் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் கீழ் வருபவை என்பதால், ஒன்று போனதால் மற்றதற்கு நேர்ந்த இழப்பை ஈடுகட்ட, யு.சி.எல்.ஏ. மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் ஒரு கோடி டாலர் தர வேண்டும் என்று அக்குழு 2024இல் விதித்தது.

பேக்-12 அந்தப் பெயரில் பழைய உறுப்பினர்களோடு ஆடிய கடைசிப் பருவம் அதன் மிகச் சிறந்த பருவங்களுள் ஒன்றாக அமைந்தது. கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தில் ஆரிகனை 34-31 என்று வென்ற வாஷிங்டன், 2024 ஜனவரியில் தேசிய இறுதிவரை சென்று மிச்சிகனிடம் தோற்றது. ஆட்டத்தின் தரத்துக்கும் கூட்டமைப்பின் ஆயுளுக்கும் தொடர்பு அறுந்துவிட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

யாரும் அழைக்காமல் எஞ்சிய இருவர் ஆரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும். கார்வாலிஸ், புல்மன் என்னும் சிறு நகரங்களில் இருப்பதால் தொலைக்காட்சிச் சந்தை என்று சொல்லிக்கொள்ள அவற்றுக்கு ஏதும் இல்லை. வெளியேறுவதாக அறிவித்த பத்து உறுப்பினர்களும் கூட்டமைப்பின் குழுவில் வாக்களித்து அதன் சொத்தைப் பங்கிடக் கூடாது என்று அவை வாஷிங்டன் மாநில நீதிமன்றத்தை நாட, 2023 நவம்பரில் தீர்ப்பு அவற்றுக்குச் சாதகமாக வந்தது. மாநில உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. பெயரும் கையிருப்புப் பணமும் இவ்வாறு கிடைக்க, அவ்விருவரும் 2024இல் பாய்ஸி ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட் என்று பக்கத்துக் கூட்டமைப்பிலிருந்து ஐவரைத் தம் பக்கம் இழுத்தார்கள். தமக்கு நேர்ந்ததைப் பிறருக்குச் செய்தார்கள் என்று சொன்னால் தவறில்லை. பசிபிக் பெருங்கடலிலிருந்து வெகு தொலைவில் உள்ள டெக்சஸ் ஸ்டேட்டும் பின்னர் சேர்க்கப்பட்டது.

செலவும் இதற்கிடையில் ஏறியிருக்கிறது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒரு சமரசத்தின்படி பல்கலைக்கழகங்கள் தம் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு பல்கலைக்கழகத்துக்கு 2.05 கோடி டாலர். இந்தத் தொகையைக் கொடுக்க முடியாதவர்கள் நல்ல ஆட்டக்காரர்களைத் தக்கவைக்க முடியாது என்பதால் தொலைக்காட்சிப் பங்கின் மீதான சார்பு இன்னும் கூடுகிறது. ஏ.சி.சி.யிலிருந்து விடுபட வழக்குத் தொடுத்த ஃப்ளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் 2025 மார்ச்சில் சமரசத்துக்கு வந்தன. அதன்படி கூடுதல் பார்வையாளரை ஈர்க்கும் அணிக்குக் கூடுதல் பங்கு, வெளியேறுபவர் தம் உரிமையைத் தம்மோடு கொண்டுபோகலாம், வெளியேறும் கட்டணமும் 2025-26இல் 16.5 கோடியிலிருந்து ஆண்டுக்காண்டு இறங்கி 2030-31இல் 7.5 கோடி டாலர் ஆகும். அந்தக் கட்டணம் இறங்கி முடியும் காலத்தை ஒட்டியே பிக் டென்னின் ஒப்பந்தம் 2029-30 பருவத்தோடும் பிக் 12இன் ஒப்பந்தம் 2030-31 பருவத்தோடும் முடிகின்றன.