குன்ஸா: தீர்ப்புக்கு முன் பொறுமை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்த பின், திண்டுக்கல்லைச் சேர்ந்த இளந்தந்தை ஒருவர் நம்மைத் தனியே சந்தித்தார். குழந்தை பிறந்து ஆறு நாள்கள். ஆணா பெண்ணா என்று உறுதியாகக் கூற மருத்துவர் தயங்கியிருந்தார். “நாளை அகீகா, ஹஜ்ரத். ஆடு ஒன்றா, இரண்டா? என்ன பெயர் வைப்பது?” என்று கேட்டவர், “அறுவை செய்து ஏதாவது ஒன்றாக ஆக்கிவிடு என்கிறார்கள் உறவினர்கள்” என்று சொல்லிக் கண் கலங்கினார். குழந்தையை அண்டை வீட்டாருக்குக்கூட அவர்கள் காட்டவில்லை.

அகீகா கடமையன்று, தள்ளி வைக்கலாம். நூர், நஸீம், ஷமீம் போன்று இருபாலார்க்கும் பொருந்தும் பெயர்கள் நம்மிடையே உண்டு. இவ்வளவையும் சொல்லி அவரை அனுப்பினோம். ஆனால், அந்த வீட்டின் கதவு ஏன் தாழிடப்பட்டது என்னும் வினா நம்மை விட்டு அகலவில்லை.

குரோமோசோம், சுரப்பிநீர், உள்ளுறுப்பு, வெளியுறுப்பு ஆகியவை ஆண், பெண் என்னும் வழக்கமான அமைப்புகளுள் ஒன்றில் அடங்காமல் பிறப்போரை இன்று இடைப்பாலினர் என்கிறோம். இது பிறவியிலேயே அமைந்த உடற்கூறு. திருநங்கையர், திருநம்பியர் பற்றிய வினா வேறு. சிலருக்குப் பிறக்கும்போதே இது தெரியும்; சிலருக்குப் பருவ வயதில்தான் தெரியவரும்.

நம் ஃபிக்ஹு நூல்கள் இத்தகையோரைக் ‘குன்ஸா’ என அழைக்கின்றன. அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் ‘ஹிதாயா’வில் அவர்களுக்கெனத் தனிப் பாடமே உண்டு. எதனாலும் பால் தெளிவாகாதவர் ‘குன்ஸா முஷ்கில்’ எனப்படுவார். முஷ்கில் என்றால் சிக்கலானது என்று பொருள். சிக்கல் அவருடைய படைப்பில் இல்லை. தீர்ப்புக் கூற வேண்டிய நம் அறிவில்தான் உள்ளது. கருவறையில் உருவம் அமைப்பவன் அல்லாஹ்வே என்பதைக் குர்ஆனின் மூன்றாம் அத்தியாயம் நமக்கு உணர்த்துகிறது. அவன் அமைத்த உருவத்தைக் குற்றமாகக் கருத எவருக்கு உரிமை உண்டு?

இஸ்லாத்திற்கு முந்தைய அரபகத்தின் புகழ்பெற்ற நடுவர் ஆமிர் இப்னு ளரிப் பற்றிய செய்தியொன்றை அறிஞர்கள் கூறுவர். இத்தகைய ஒருவரின் வாரிசுரிமை வழக்கு அவரிடம் வந்தது. விடை தெரியாமல் இரவெல்லாம் உறக்கமின்றிப் புரண்டார். ஆடு மேய்த்த பணிப்பெண்ணே, சிறுநீர் வெளியாகும் வழியைக் கொண்டு தீர்ப்பளிக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தாள். தெரியாததைத் தெரியாது என ஏற்று, எளியவளிடமும் கேட்டறிந்ததே அந்த நடுவரின் பெருமை. அந்த அளவுகோல் அன்றைய அறிவுக்கு எட்டியது. இன்று மருத்துவ அறிவு அதனினும் விரிந்துள்ளது.

அக்குறி பயன்படாதபோது இமாம்கள் அவசரப்படவில்லை. பருவமடையும் வரை காத்திருக்கச் சொன்னார்கள். அதன் பின்னும் தெளிவு பிறக்காவிடின், ஷாஃபிஈ அறிஞர்கள் அவருடைய உள்ளத்தின் நாட்டத்தைக் கேட்டு, அவர் சொல்லையே ஏற்றனர். காத்திருக்கும் காலத்திலும் அவரை யாரும் விலக்கி வைக்கவில்லை. ஜமாஅத் தொழுகையில் ஆண்கள் வரிசைக்கும் பெண்கள் வரிசைக்கும் இடையே அவருக்கு இடம் உண்டு. சொத்திலும் பங்கு உண்டு. ஒருவர் ஒரு மகனையும் ஒரு குன்ஸாவையும் விட்டு இறந்தால், ஷாஃபிஈ மத்ஹபில் மகனுக்கு 1/2, குன்ஸாவுக்கு 1/3 கொடுத்து, எஞ்சிய 1/6 தெளிவு வரும்வரை நிறுத்தி வைக்கப்படும். நம் ராவுத்தர் ஜமாஅத்துகள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூஹனீஃபாவின் கூற்றுப்படி இரு பங்குகளில் குறைந்தது அவருக்குரியது. பங்கின் அளவில் கருத்து வேறுபாடு இருந்ததே தவிர, பங்கே இல்லை என்று எவரும் சொல்லவில்லை.

1989-இல் மக்காவில் கூடிய ஃபிக்ஹு சபை, இத்தகையோர் மருத்துவச் சிகிச்சை பெறுவதை அனுமதித்தது. அனுமதி வேறு, அவசரம் வேறு. சிசுப் பருவத்திலேயே அறுவை செய்துவிட்டால், பின்னாளில் அக்குழந்தையின் உள்ளம் வேறு சொன்னாலும் வெட்டியதை மீட்க இயலாது.

திண்டுக்கல் மாவட்டத்தையும் தன் எல்லையுள் கொண்ட சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 22 அன்று இக்கருத்தையே சட்டமொழியில் உரைத்தது. ஓர் ஆணும் திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தின் பதிவு குறித்த வழக்கில், நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இடைப்பாலினக் குழந்தைகளுக்குப் பாலை மாற்றியமைக்கும் அறுவையைத் தடுக்குமாறு அரசுக்கு உத்தரவிட்டார். பெற்றோரின் ஒப்புதல் குழந்தையின் ஒப்புதல் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழக அரசு தடை ஆணை பிறப்பித்தது. உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டும் விலக்களித்தது. உலகில் மால்ட்டா 2015-லேயே இத்தகைய சட்டம் இயற்றியிருந்தது.

ஒன்றை இங்கு வலியுறுத்த வேண்டும். காத்திருப்பது மருத்துவரைத் தவிர்ப்பதன்று. அட்ரீனல் சுரப்பிக் கோளாற்றின் ஒரு வகையில், உடலின் உப்பு வெளியேறி, பிறந்த சில வாரங்களுக்குள் உயிருக்கே ஆபத்து நேரும். அதற்கு உடனே மருந்து தேவை. குழந்தையை ஒளித்து வைக்கும் வீட்டில் அந்த மருந்தும் தாமதமாகும்.

ஆகவே ஆலிம்களாகிய நமக்கு ஒரு பொறுப்பு உண்டு. ஆண்டுதோறும் மாணவர்களுக்கு ஓதிக்கொடுக்கும் இப்பாடத்தை, எவரையும் சுட்டாமல், ஜும்ஆ பயானில் ஒருமுறையேனும் சொல்ல வேண்டும். தெருவில் வழங்கும் இழிசொற்கள் புறம்பேசுதலினும் கொடிய பாவமாகக்கூடும் என எச்சரிக்க வேண்டும். வாரிசுப் பங்கீட்டில் இவர்கள் விடுபடாமல் மஹல்லா நிர்வாகிகள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் தந்தை அறுவைக்கு இசையவில்லை. இருபாலார்க்கும் பொருந்தும் பெயரையே சூட்டினார். சென்ற பெருநாளன்று குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஈத்கா மைதானத்திற்கு வந்திருந்தார். ஸலாம் சொல்லிக் கை நீட்டிய குழந்தைக்கு நாமும் கை கொடுத்தோம்.