கங்காவின் சம்பளம்

கடலூரில் வங்கி ஒன்றில் பணிபுரியும் என் பழைய மாணவி அண்மையில் சிதம்பரம் வந்திருந்தார். என்னிடம் இரவல் வாங்கிச் சென்ற ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலைத் திருப்பித் தந்தவர், "கங்கா நல்ல உத்தியோகத்தில் இருக்கிறாள். கூட வேலை பார்க்கும் ஒருவரை விரும்பியிருக்கக் கூடாதா சார்? கெடுத்தவனையே ஏன் தேடிப் போக வேண்டும்?" என்று கேட்டார். அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

இந்த நாவலே வாசகர்களின் எதிர்வினையிலிருந்து பிறந்ததுதான். கடலூர் மண்ணில் பிறந்த ஜெயகாந்தன், 1966-இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையை எழுதினார். மழை நாளில் காரில் வந்த ஒருவனால் சீரழிக்கப்பட்ட கல்லூரி மாணவியின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, அவளைத் தூய்மையானவள் என்று ஏற்றுக்கொள்வாள். கதை பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. ஜெயகாந்தன் அதோடு நிற்கவில்லை. அந்தத் தாய் கதறி ஊரைக் கூட்டியிருந்தால் மகள் என்ன ஆவாள் என்று எழுதிக் காட்டினார். தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்ற பெயரில் தொடராக வந்து, 1970-இல் நூலான அப்படைப்புக்கு 1972-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

அண்ணனால் வெளியேற்றப்பட்ட கங்காவை மாமா படிக்கவைக்கிறார். அந்த உதவிக்கு அவர் எதிர்பார்க்கும் விலை வேறு. இனி நீ எவருக்கும் மனைவியாக முடியாது என்பது அவர் தீர்ப்பு. அதையே சவாலாகக் கொண்டு அவள் பிரபுவைக் கண்டுபிடிக்கிறாள். அவனுக்கு மனைவியும் மகளும் உண்டு. அதன்பின் நடப்பதெல்லாம் பேச்சும் கார்ப் பயணமும்தான். ஊர் எல்லாவற்றையும் கற்பனை செய்துகொள்கிறது. உண்மையில் ஒன்றும் நிகழ்வதில்லை. அவள் மனம் மெல்லக் கனியும்போது அவன் விலகிவிடுகிறான். எழுபதுகளின் இறுதியில் அண்ணாமலைப் பல்கலைக்கழக விடுதியில் இந்நாவல் கைமாறிக்கொண்டே இருக்கும். வெட்கத்தோடு சொல்கிறேன், அன்று எங்கள் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தது பிரபுவின் கார்தான்.

இப்போது மறுபடி படிக்கையில் கங்காவின் சம்பளமே தெரிகிறது. தாயையும் தன்னிடம் வைத்துக்கொள்ளும் வலிமையை அது அவளுக்குத் தருகிறது. நற்பெயரை மட்டும் தர முடியவில்லை. பரிவர்த்தனையில் ஒரு தரப்புக்குத் தெரிந்தது மறுதரப்புக்குத் தெரியாதபோது சந்தை தடுமாறும் என்பது பொருளாதாரத்தில் பழகிய பாடம். அலுவலக நண்பர் ஒருவரை அவள் விரும்பினால், கடந்த காலத்தை மறைக்க வேண்டும், அல்லது சொல்லிவிட்டு அவர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். பிரபுவிடம் மட்டுமே அவள் எதையும் மறைக்கத் தேவையில்லை. அந்த உறவு அத்தனை நிதானமாக வளர்வதற்கும் இதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் மற்றவரைப் பற்றிப் புதிதாகத் துப்பறிய எதுவும் மிச்சமில்லை. பழகிப் பார்க்க மட்டுமே காலம் வேண்டியிருந்தது.

இதைத் தொலைபேசியில் மாணவியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கங்காவின் கணக்கு புரிகிறது சார். பிரபுவின் கணக்கில் எதுவுமே பற்று வைக்கப்படவில்லையே?" என்றார். குற்றம் செய்தவனை ஆசிரியர் இவ்வளவு இரக்கத்தோடு வரைந்திருப்பது எனக்கும் உறுத்தல்தான். அடுத்த முறை அவர் வரும்போது கொடுப்பதற்காக, இதன் தொடர்ச்சியான 'கங்கை எங்கே போகிறாள்' நாவலை அலமாரியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன்.