சமுதாயக் கூடத்தின் சாவி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி 26 கிராம சபைக்குப் போனபோது என் கையில் ஒரு மனு இருந்தது. எங்கள் ஊராட்சியிலுள்ள செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வந்திருந்த குடும்பங்களின் குழந்தைகளுக்குப் பகல்நேரச் சிறப்புப் பயிற்சி நடத்த வேண்டும். அதற்குச் சமுதாயக் கூடத்தைத் தர வேண்டும். இவ்வளவுதான் கோரிக்கை. கூடம் பாதி நாள் பூட்டியே கிடக்கிறது. குழந்தைகளோ சூளையில் பச்சைக் கல்லைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதை யார் மறுக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். முக்கால் மணி நேரம் விவாதம் நடந்தது. "அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம் டீச்சர்" என்று மனுவைத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

அடுத்த கிராம சபை மார்ச் 22. சூளைக் குடும்பங்கள் பொங்கலையொட்டி வருகிறவர்கள், மழை தொடங்கும் முன் ஊர் திரும்பிவிடுவார்கள். ஒரு கூட்டம் தள்ளிப்போனால் அந்தக் குழந்தைகளுக்கு ஒரு பருவத்தில் பாதி போய்விடும். அன்று இரவு மனுவை மறுபடி எடுத்துப் படித்தபோதுதான் தெரிந்தது, தப்பு ஊரிடம் மட்டும் இல்லை என்று. பூட்டிக் கிடக்கும் பொதுக் கட்டடத்தைக் குழந்தைகளுக்காகக் கேட்கும் நிலை நம்மில் பலருக்கும் வரும். நூலகக் கட்டடமாகவோ பழைய தொலைக்காட்சி அறையாகவோ இருக்கலாம். கேட்கப் போகும் முன் நான் தெரிந்துவைத்திருக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில், அந்தக் கூட்டத்தில் யாருக்குக் குரல் உண்டு என்பது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே கிராம சபை உறுப்பினர்கள். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் கூட்டம் செல்லுபடியாக 100 பேர் வர வேண்டும். சூளைத் தொழிலாளிகளின் வாக்கு ஒடிசாவில் இருக்கிறது. பக்கத்து நகரத்தில் குடியிருக்கும் எனக்கும் அங்கே வாக்கு கிடையாது. ஆகவே யாருடைய குழந்தைகளைப் பற்றிப் பேசுகிறோமோ அவர்களும் இல்லை, பேசுகிற நானும் உறுப்பினர் இல்லை. கை தூக்க ஒருவர்கூட இல்லாத ஒரு கோரிக்கையை நான் கொண்டுபோயிருந்தேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்; அவர்கள் ஊரின் வாக்காளர்கள். அவர்களிடம் முன்கூட்டியே பேசி, அவர்களில் ஒருவரைப் பேசச் சொல்லியிருக்க வேண்டும்.

இனி எதிர்ப்புகள். முதலில் எழுந்தவர் ஓர் அம்மா. "எங்க வீட்டுப் புள்ளைங்களுக்குக் காது குத்து, மஞ்சத் தண்ணி எல்லாம் எங்க வெச்சிக்கிறது டீச்சர்? மண்டபத்துக்குக் குடுக்க எங்ககிட்ட ஏது?" என்றார். நியாயமான கேள்வி. வசதியுள்ளவர்கள் நகரத்து மண்டபத்துக்குப் போய்விடுகிறார்கள். சமுதாயக் கூடத்தை நம்பியிருப்பவர்கள் ஊரிலேயே இல்லாதப்பட்டவர்கள்தாம். அதாவது, ஓர் ஏழைக் குழந்தைக்காக இன்னோர் ஏழை வீட்டின் முற்றத்தை நான் கேட்டிருக்கிறேன். மகளிர் சுய உதவிக் குழுவினரும் அங்கேதான் கூடுகிறார்கள். 'பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது' என்று எழுதினேனே தவிர, மீதிப் பாதி நாள் யாருக்குப் பயன்படுகிறது என்று நான் கேட்டே பார்க்கவில்லை.

இங்கே சட்டம் இரண்டு பக்கமும் பேசுகிறது. அரசியலமைப்பின் பதினொன்றாவது அட்டவணை ஊராட்சிகளுக்கு 29 துறைகளைக் குறிப்பிடுகிறது. அவற்றில் 17ஆவது தொடக்க, இடைநிலைப் பள்ளிகள் உள்ளிட்ட கல்வி. 25ஆவது மகளிர், குழந்தைகள் மேம்பாடு. 29ஆவது சமுதாயச் சொத்துகளைப் பராமரித்தல். கூடத்தைக் காப்பதும் ஊராட்சியின் வேலை, குழந்தையைப் பார்ப்பதும் அதே ஊராட்சியின் வேலை. தலைவர் தயங்கினார் என்றால் அதற்குக் காரணம் இருந்தது.

ஆனால் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 9ஆம் பிரிவை நான் சொல்லியிருக்க வேண்டும். புலம்பெயர்ந்து வரும் குடும்பங்களின் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பதை உறுதி செய்வது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்று அது நேரடியாகவே கூறுகிறது. தன் எல்லையில் வசிக்கும் 14 வயது வரையிலான குழந்தைகளின் பதிவேட்டை வைத்திருப்பதும் அதே பிரிவில் வருகிறது. நான் ஊரிடம் தயவு கேட்பதுபோல் பேசினேன். அதனால் தயவு காட்டலாமா வேண்டாமா என்றே விவாதமும் போயிற்று.

இரண்டாவது எதிர்ப்பு அச்சத்திலிருந்து வந்தது. "ராத்திரியும் இங்கயே தங்க வெப்பீங்களா? யாரு பொறுப்பு?" என்று ஒருவர் கேட்டார். 'ஹோம் வரப்போகுதாம்' என்று ஒரு பேச்சு ஏற்கெனவே பரவியிருந்தது. என் மனுவில் 'குழந்தைகள் மையம்' என்று மட்டும் எழுதியிருந்தேன். பேச்சுக்கு அது போதுமே. பகல்நேர மையமும் தங்கும் இடமும் சட்டப்படி வெவ்வேறு. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளைத் தங்கவைக்கும் எந்த நிறுவனமும் இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 41ஆம் பிரிவின்படி பதிவு பெற வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 42ஆம் பிரிவு. நல்லெண்ணத்தில் 'இரண்டு நாள் தங்கட்டும்' என்று நாமாக ஏற்பாடு செய்துவிடவே கூடாது. பெற்றோரைப் பிரிந்து தனியாக நிற்கும் குழந்தையைக் கண்டால் 1098க்குச் சொல்ல வேண்டும். கூடத்தின் சாவியைத் தேடக் கூடாது.

கட்டடத்தின் பாதுகாப்பையும் ஒருவர் கேட்டார். கூடத்தின் சமையற்கட்டு, உள்ளே ஒரு தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. பின்கதவு துருப்பிடித்துத் திறக்காமல் கிடந்தது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மாநிலம் நம்முடையது. அந்தக் கேள்வி என்னிடமிருந்து வந்திருக்க வேண்டும்.

கடைசியாக எழுந்தவர் ஒரு பெரியவர். "பள்ளிக்கூடம்னு ஒண்ணு இருக்குதே, அங்க சேத்துக்கறதுக்கு என்னம்மா? நம்ம புள்ளைங்களுக்கு ஒரு எடம், அதுங்களுக்கு ஒரு எடமா?" என்றார். அவர் தடை போடுகிறார் என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது. உண்மையில் அன்று பேசியவர்களில் சட்டத்துக்கு மிக அருகில் நின்றவர் அவர்தான். 4ஆம் பிரிவின்படி, பள்ளியில் சேராத, அல்லது இடையில் நின்ற குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் முதலில் சேர்க்க வேண்டும். மற்றவர்களுக்கு இணையாக வருவதற்குச் சிறப்புப் பயிற்சி பெறுவது அதன் உரிமை. வயதுச் சான்று இல்லை, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று சேர்க்கையை மறுக்க முடியாது. சிறப்புப் பயிற்சியைப் பள்ளி வளாகத்திலோ பாதுகாப்பான உறைவிட வசதியிலோ நடத்த வேண்டும் என்றும், குறைந்தது மூன்று மாதம், கூடினால் இரண்டு ஆண்டு என்றும் 2010ஆம் ஆண்டின் மத்திய மாதிரி விதிகள் சொல்கின்றன.

ஆக, தனிக் கட்டடம் என்பது முதல் விடையாக இருக்கக் கூடாது. எங்கள் பள்ளியில் இரண்டு வகுப்பறைகள் பழுதுபார்ப்பில் இருந்தன. ஒரே நேரத்தில் 23 குழந்தைகள் வந்தால் உட்கார இடமில்லை என்பது மெய். ஆனாலும் மனம் திறந்து சொல்வதென்றால், அவர்களைக் கொஞ்ச காலம் வேறிடத்தில் வைத்துக்கொண்டால் நமக்கு எளிது என்ற எண்ணமும் எனக்குள் இருந்தது. மொழி தெரியாது. ஒரே வயதில் ஒருவன் கூட்டல் போடுவான், இன்னொருவன் பென்சில் பிடித்ததே இல்லை. பல பெற்றோர் விடிவதற்கு முன்பே கல் அறுக்கத் தொடங்கிவிடுவதால், கூட எழுந்த பிள்ளைகள் பத்து மணிக்குத் தூங்கி வழிவார்கள். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்ற கணக்கில் இருப்பதால், பிள்ளையின் கையும் கணக்கில் வருகிறது. (14 வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலைக்கும் அமர்த்தக் கூடாது என்பது 2016இல் திருத்தப்பட்ட சட்டம். குடும்பத் தொழிலுக்கு விலக்கு உண்டே என்று சூளையில் ஒருவர் என்னிடம் வாதாடினார். சூளை அந்தக் குடும்பத்தின் தொழில் இல்லையே!) இவற்றையெல்லாம் ஒரு கூடத்துக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடலாம் என்று மனம் நினைக்கிறது. பெரியவர் அதைத்தான் பிடித்துவிட்டார்.

மனுவைத் திருத்தி எழுதினோம். மார்ச் வரை காத்திருக்காமல், பிப்ரவரியில் ஊராட்சி மன்றத்தின் வழக்கமான கூட்டத்தில் வைக்கும்படி தலைவரைக் கேட்டோம். அதற்கு முன் மகளிர் குழுவினருடன் உட்கார்ந்து முகூர்த்த நாட்களைக் குறித்துக்கொண்டோம். புதிய மனுவில் 'மையம்' என்ற சொல்லே இல்லை. 23 குழந்தைகளும் எங்கள் பள்ளி மாணவர்கள், எமிஸில் பதிவு செய்யப்பட்டவர்கள், வருகைப் பதிவேடும் மதிய உணவும் பள்ளியுடையவை, வகுப்பறை தயாராகும்வரை கூடம் பள்ளியின் கூடுதல் வகுப்பறையாகப் பயன்படும் என்று எழுதினோம். காலை 9.30 முதல் மாலை 4 வரை, வேலை நாட்களில் மட்டும், மே மாதம் முடியும் வரை. இரவில் யாரும் தங்க மாட்டார்கள். விசேஷ நாட்களில் கூடம் ஊருக்கு. பிள்ளைகள் அன்று பள்ளித் தாழ்வாரத்துக்கு. உள்ளே சமையல் இல்லை. பின்கதவு சரிசெய்யப்பட்ட பிறகே வகுப்பு தொடங்கும். சாவி மகளிர் குழுத் தலைவியிடம் இருக்கும். கடைசி வரி அவர்களே சேர்க்கச் சொன்னது, எங்களுக்குத் தோன்றியிருக்காது.

தீர்மானம் பத்து நிமிடத்தில் நிறைவேறியது.

அதன் பிறகும் எல்லாம் சீராக நடந்துவிடவில்லை. ஒரு பெண் குழந்தை முதல் வாரம் முழுவதும் வரவில்லை. போய்ப் பார்த்தால், இடுப்பில் தம்பி. தம்பியை அங்கன்வாடியில் விட்டபிறகே அக்கா வந்தாள். அங்கன்வாடிப் பணியாளர் மறுக்காமல் ஏற்றுக்கொண்டது பெரிய உதவி. வட்டார வளமையத்தின் ஆசிரியப் பயிற்றுநர் ஒடியா எழுத்துகள் கொண்ட பாடநூல்களைத் தேடித் தந்தார். நாங்கள் தமிழில் 'மரம்' என்றால், பிள்ளைகள் ஒடியாவில் 'கச்சொ' என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். மார்ச் மாதம் முதல் மூத்தவர்களில் சிலரைப் பிற்பகலில் பள்ளி வகுப்புகளிலேயே உட்காரவைத்தோம். விளையாட்டு நேரத்தில் மொழி ஒரு தடையாகவே இருக்கவில்லை. கணக்குப் பாடத்திலும் அவ்வளவாக இல்லை. மற்றப் பாடங்களில் திணறினோம், அவர்களும் நாங்களும்.

மூன்று குழந்தைகள் நடுவிலேயே நின்றுவிட்டார்கள். அவர்கள் குடும்பம் வேறு சூளைக்கு மாறிவிட்டதாகச் சொன்னார்கள். எந்தச் சூளை என்று விசாரித்துப் பார்த்தும் பிடிகிடைக்கவில்லை. மே இறுதியில் மற்றவர்கள் கிளம்பியபோது, ஒவ்வொருவரும் என்ன படிக்கத் தெரிந்துகொண்டார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பள்ளி முத்திரையிட்டுக் கொடுத்தோம். ஊரிலுள்ள பள்ளியில் அதைக் காட்டினார்களா என்பது தெரியாது.

அடுத்த பொங்கலுக்குப் பின் அவர்களில் 9 பேர் திரும்பி வந்தார்கள். அவர்களை நேராக வகுப்பிலேயே சேர்த்தோம். புதிதாக வந்தவர்கள் 14 பேர். அதற்குள் எங்கள் வகுப்பறை ஒன்றுதான் தயாராகியிருந்ததால், இரண்டு மாதத்துக்குக் கூடத்தை மறுபடி கேட்டு மனு கொடுத்தோம். இந்த முறை முகூர்த்த நாட்காட்டியையும் மனுவோடு இணைத்திருந்தோம்.