பழைய புல்லட்டும் புதிய பெட்ரோலும்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று கிளம்ப மறுத்தால், 'கம்ப்ரஷன் போய்விட்டது' என்பார் மெக்கானிக். வண்டியின் ஆயுளையே முடிவு செய்யும் அந்தச் சொல்லின் பொருளை உரிமையாளர்களில் பலர் அறிவதில்லை.

சிலிண்டருக்குள் வரும் பெட்ரோல்-காற்றுக் கலவையைப் பிஸ்டன் மேலேறி நெருக்குகிறது; அதன்பின் தீப்பொறி பற்றுகிறது. 346 கன சென்டிமீட்டர் எஞ்சினில் பிஸ்டனுக்கு மேல் எஞ்சும் இடம் 63 கன சென்டிமீட்டர் என்று கொள்வோம். 409 அளவு 63-ஆகச் சுருங்குகிறது. அமுக்க விகிதம் ஏறத்தாழ 6.5. இன்றைய 350 வகைப் புல்லட்டில் இது 9.5. ஏட்டுக் கணக்கின்படி, வெப்பத்தை உழைப்பாக்கும் திறன் முன்னதில் 53 சதவீதம், பின்னதில் 59 சதவீதம். நடைமுறையில் இரண்டுமே இதைவிடக் குறைவு என்றாலும், வேறுபாடு நிலைக்கிறது.

அப்படியானால் முன்னோர் ஏன் குறைந்த விகிதத்தைத் தேர்ந்தனர்? இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டனில் கிடைத்த பெட்ரோலின் ஆக்டேன் எண் மிகக் குறைவு. அதிகம் நெருக்கினால் கலவை தாறுமாறாக வெடித்து எஞ்சினைச் சிதைக்கும். கிடைத்த எரிபொருளுக்கேற்ற வடிவமைப்பு அது, அறியாமையன்று.

இன்றைய நிலை தலைகீழ். பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலக்கும் இலக்கு 2030-இலிருந்து 2025-க்கு முன்னகர்த்தப்பட்டது. எத்தனால் ஆக்டேன் எண்ணை உயர்த்தும். ஆயினும் லிட்டருக்கு அது தரும் ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்கே. உயர் அமுக்கத்துக்கென வடிவமைக்கப்படும் புதிய எஞ்சின் அந்த ஆக்டேனைப் பயன்படுத்தி இழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்யலாம். பழைய எஞ்சினுக்கு அவ்வழியில்லை. மைலேஜ் குறைவதோடு, பழைய ரப்பர் பாகங்களும் நைந்துபோகக்கூடும். பொருளியல் மொழியில், கொள்கையின் பயன் பொதுவானது. செலவின் ஒரு பகுதி பழைய வண்டி வைத்திருப்பவர் தலையில் விழுகிறது. எத்தனால் குறைந்த பெட்ரோலையும் பங்குகளில் தொடர்ந்து விற்பதே நியாயம்.

'கம்ப்ரஷன் போய்விட்டது' என்று கேட்டவுடன் வண்டியை எடைக்குப் போடவும் வேண்டாம். ஆக்சிலரேட்டரை முழுதும் திறந்து, அழுத்தமானியால் அளக்கச் சொல்லுங்கள். பிளக் துளைவழி ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கும்போது அழுத்தம் உயர்ந்தால், தேய்ந்தவை பிஸ்டன் ரிங்குகளோ சிலிண்டரோ. உயராவிட்டால், வால்வையோ கேஸ்கெட்டையோ பார்க்க வேண்டும். ரிங் மாற்றியோ, போரிங் செய்து சற்றுப் பெரிய பிஸ்டன் பொருத்தியோ, வால்வைத் தேய்த்துச் சரிசெய்தோ பெரும்பாலும் மீட்டுவிடலாம். கைவிடுமுன் அளந்து பார்ப்பது வண்டிக்கும் நல்லது, பணப்பைக்கும் நல்லது.